சட்டப் பட்டம் இல்லாத வக்கீல்!



ஆண்டு மலர் என்றால் அதில் ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு கட்டாயம் இருக்கும். எடிசன், சர்.சி.வி.ராமன், விஸ்வேஸ்வரய்யா என்று நம் சீனியர்கள் யாரையும் விட்டு வைக்கவில்லை. மிச்சம் யார் என்று யோசித்தபோது, பிளாட்பாரக் கடையில் அட்டை கிழிந்த நிலையில் நான் வாங்கிய ஒரு பெர்ரி மேஸன் நாவல் ஞாபகத்துக்கு வந்தது. சுஜாதாவின் கணேஷ்-வஸந்த் கதைகளை விடிய விடியப் படித்தவர்களுக்கு வக்கீல் துப்பறிவது ஒன்றும் புதிதல்ல. அமெரிக்காவில் அந்த வேலையைச் செய்தவர் பெர்ரி மேஸன். அவரைப் படைத்தவர் எர்ல் ஸ்டான்லி கார்ட்னர்.

நாவலைப் படித்து முடித்ததும் சும்மா இருக்க முடியவில்லை. 1957 முதல் 1966 வரை சி.பி.எஸ். டெலிவிஷனில் வந்த பழைய கறுப்பு-வெள்ளைத் தொடரைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். மொத்தம் 271 கதைகள்! முதல் பாதியில் ஒரு பிணம் விழும். அடுத்த பாதி கோர்ட்டில் நடக்கும். கடைசியில் சாட்சிக் கூண்டிலோ பார்வையாளர் வரிசையிலோ இருக்கும் ஒரு ஆள் உடைந்து போய் உண்மையைக் கக்குவார். நடு நடுவே விளம்பரம். எந்த சோப்புக்காரர் பணம் போட்டார், எந்த சிகரெட்டுக்காரர் பணம் போட்டார் என்பதெல்லாம் அந்தக் காலத்து நிகழ்ச்சிகளில் கதையோடு கதையாகவே வந்துவிடும். பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு கேள்வி வந்தது. கதை எழுதியவர் பெரியவரா, காசு கொடுத்தவர் பெரியவரா? கார்ட்னர் வாழ்க்கையில் பாதி இந்தக் கேள்விக்கு பதில் சொல்வதிலேயே போனது என்றால் மிகையாகாது.

கார்ட்னர் 1889 ஜூலை 17-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மால்டன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா சுரங்க எஞ்சினியர். குடும்பம் பிழைப்புக்காக மேற்கே கலிபோர்னியா வரை போனது. பையனை இண்டியானாவில் வால்பரைசோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க அனுப்பினார்கள். மனுஷன் அங்கே தாக்குப் பிடித்தது சுமார் ஒரே மாதம்! குத்துச்சண்டைப் பைத்தியம் முற்றிப்போய் படிப்பு நின்றுவிட்டது.

நாமாக இருந்தால் ஊர் என்ன சொல்லும் என்று தெரியும். ஆனால் கார்ட்னர் கலிபோர்னியாவில் வக்கீல் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே சட்டப் புத்தகங்களைத் தானாகப் படித்தார். அந்தக் காலத்தில் பட்டம் இல்லாமலும் வக்கீல் தேர்வு எழுதலாம். 1911-ல் எழுதினார், பாஸ் செய்தார். அப்போது அவருக்கு வயது 21. ஆக்ஸ்நார்ட் என்ற ஊரில் சீனர்கள், ஏழைக் குடியேறிகள் என்று வேறு யாரும் சீந்தாதவர்களின் வழக்குகளை எடுத்து வாதாடினார். பேர் வந்தது, ஆனால் பணம் பெரிதாக வரவில்லை.

எனவே ராத்திரியில் கதை எழுத உட்கார்ந்தார். பகலில் கோர்ட், ராத்திரியில் டைப்ரைட்டர். இரண்டே விரலால் தட்டித் தட்டி, விரல் நுனி புண்ணாகும் வரை எழுதினார். திரும்பி வந்த ஒரு கதையை மறுபடி முழுசாக மாற்றி எழுதி அனுப்ப, 1923-ல் 'பிளாக் மாஸ்க்' என்ற பத்திரிகை வேறொரு புனைபெயரில் அதை வெளியிட்டது. பத்து வருஷம் இப்படி மலிவு விலைப் பத்திரிகைகளுக்கு எழுதிக் குவித்தார். சொல்லுக்கு இவ்வளவு காசு என்பதுதான் அன்றைய கணக்கு. 1933-ல் முதல் பெர்ரி மேஸன் நாவல் வந்தது. அதன்பின் எண்பதுக்கும் மேல்! டைப் அடிப்பதை விட்டுவிட்டு வாயால் சொல்லச் சொல்ல செக்ரட்டரிகள் எழுதினார்கள். அவர்களில் ஒருவரான ஜீன் பெத்தெலைத்தான் தன் 79-வது வயதில், 1968-ல் திருமணம் செய்துகொண்டார். கதையில் வரும் செக்ரட்டரி டெல்லா ஸ்ட்ரீட்டுக்கு அவரே மாடல் என்பார்கள்.

இனிதான் விஷயமே. புத்தகம் ஓட ஆரம்பித்ததும் சினிமாக்காரர்கள் வந்தார்கள். 1934-லிருந்து 1937-க்குள் வார்னர் பிரதர்ஸ் ஆறு படங்கள் எடுத்தது. ஒரு படத்தில் பெர்ரி மேஸனுக்கும் டெல்லாவுக்கும் கல்யாணமே செய்து வைத்துவிட்டார்கள்! கார்ட்னர் நாவல்களில் அது நடக்கவே நடக்காது. உரிமையை விற்றபின் புலம்பி என்ன பயன்?

அடுத்தது ரேடியோ. 1943-லிருந்து 1955 வரை வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்குக் கால் மணி நேரம். பணம் போட்டது புராக்டர் அண்ட் கேம்பிள், அதாவது சோப்புக் கம்பெனி. வீட்டில் துணி துவைக்கும், சமைக்கும் பெண்கள்தான் பகல் நேரத்தில் ரேடியோ கேட்பவர்கள். அவர்களுக்கு சோப்பு விற்கத்தான் தொடர். சோப் ஒபேரா என்ற பெயரே இப்படி வந்ததுதான். கேட்பவர்களைக் கட்டிப்போட காதலும் கண்ணீரும் வேண்டும் அல்லவா? கோர்ட் சுருங்கி குடும்பக் கதை பெருகியது. கார்ட்னருக்குப் பிடிக்கவில்லை. இதையே பகல் நேர டெலிவிஷன் தொடராக்கக் கம்பெனி விரும்பியபோது முடியவே முடியாது என்று மறுத்துவிட்டார். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ரேடியோவில் மேஸனாகக் கடைசியாகக் குரல் கொடுத்த ஜான் லார்கினையே கதாநாயகனாகப் போட்டு, ஆள் பெயரை மாற்றி, 1956-ல் 'தி எட்ஜ் ஆஃப் நைட்' என்று ஆரம்பித்துவிட்டார்கள். அது 1984 வரை ஓடியது. சும்மா சொல்லக்கூடாது, கம்பெனிக்கு நஷ்டமில்லை. ஆனால் பெர்ரி மேஸன் என்ற பெயர் மட்டும் கார்ட்னரிடமே இருந்தது.

இரண்டு முறை சூடு பட்டவர் மூன்றாவது முறை ஏமாறவில்லை. பைசானோ புரொடக்‌ஷன்ஸ் என்று கூட்டாகச் சொந்தக் கம்பெனி வைத்தார். தயாரிப்பைக் கவனித்தவர் கெயில் பேட்ரிக் ஜாக்ஸன், சட்டம் படித்த முன்னாள் நடிகை. கார்ட்னர் கதை வசனத்தைப் படித்துத் திருத்திய பிறகே படப்பிடிப்பு. எதிர்க்கட்சி வக்கீல் ஹாமில்டன் பர்கர் வேஷத்துக்கு முயற்சி செய்ய வந்த ரேமண்ட் பர்ரை மேஸனாகத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான். ஸ்பான்ஸர்கள் வந்தார்கள், விளம்பரமும் வந்தது. ஆனால் அது இடைவேளையோடு நின்றது, கோர்ட்டுக்குள் நுழையவில்லை.

கார்ட்னரை நான் மதிப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 1948-ல் 'ஆர்கஸி' பத்திரிகையோடு சேர்ந்து, செய்யாத குற்றத்துக்கு ஜெயிலில் கிடப்பவர்களுக்காக 'தி கோர்ட் ஆஃப் லாஸ்ட் ரிசார்ட்' என்று ஒரு குழு அமைத்தார். துப்பறிவாளர், தடயவியல் டாக்டர், பொய் கண்டறியும் கருவி நிபுணர் எல்லாரும் அதில் இருந்தார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் கொலைக் குற்றத்துக்காக உள்ளே கிடந்த ஒரு மரம் வெட்டும் தொழிலாளி அந்த வருஷமே வெளியே வந்தார். இந்த உண்மை வழக்குகளையும் 1957-ல் டி.வி. தொடராக எடுத்தார்கள். 26 வாரத்தோடு படுத்துவிட்டது. கற்பனை வக்கீல் ஒன்பது வருஷம் ஓட, நிஜக் கைதிகளின் கதையைப் பார்க்க ஆளில்லை. என்ன உலகமடா இது!

விளம்பரங்களில் என்னை உலுக்கியதும் ஒன்று உண்டு. தொடரில் வாரா வாரம் மேஸனிடம் தோற்கும் பர்கராக நடித்தவர் வில்லியம் டால்மன். சிகரெட் பழக்கத்தால் நுரையீரல் புற்றுநோய் வந்து, சாவதற்குச் சில வாரம் முன்பு அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்துக்காக ஒரு விளம்பரத்தில் பேசினார். வீட்டையும் மனைவி மக்களையும் காட்டி, கோர்ட்டில் தோற்றே பழகிய தான் இந்த ஒரு வழக்கில் மட்டும் தோற்க விரும்பவில்லை என்ற பொருளில் பேசி, புகைப்பதை விடச் சொன்னார். 1968 ஆகஸ்ட் 30-ல் 53 வயதில் இறந்துபோனார். அமெரிக்க டி.வி.யில் சிகரெட் விளம்பரம் 1971 ஜனவரி 2-லிருந்து நின்றது. நம் ஹாஸ்டல் மொட்டை மாடி நண்பர்கள் இதை இரண்டு தடவை படிக்கவும்!

1966 மே 22-ல் தொடரின் கடைசிக் கதை ஒளிபரப்பானது. அதில் நீதிபதி இருக்கையில் உட்கார்ந்திருந்த கிழவர் வேறு யாருமல்ல, கார்ட்னரேதான். 1970 மார்ச் 11-ல் கலிபோர்னியாவில் டெமெகுலா பண்ணை வீட்டில் காலமானார்.

நண்பர்களே, டிப்ளமோதானா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்கு கார்ட்னர் பெயரைச் சொல்லுங்கள். இன்னொன்று: நாளைக்கு நமக்கும் வேலை வரும், கூடவே நீட்டப்படும் பேப்பரும் வரும். என் சீனியர் ஒருவர் மூன்று வருஷ பாண்டில் வரி கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, நல்ல வேலை வந்தபோது நகர முடியாமல் தவித்தார். சட்டம் தெரிந்த கார்ட்னரே இரண்டு முறை சூடு பட்டுத்தான் கற்றுக்கொண்டார். நாம் முதல் முறையே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவோம்.