கருத்தைச் சோதித்த மேதை சர் சி. வி. இராமன்

வானம் தெளிந்த நாளில் செம்பாக்கம் ஏரிக்கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் நீலமாகத் தோன்றும். வானத்தின் நிறம் நீரில் தெரிகிறது என்று நாம் உடனே சொல்லிவிடுவோம். கடலின் நீலத்திற்கும் அதுவே காரணம் என்று நோபல் பரிசு பெற்ற ராலே பிரபுவும் கருதினார். அவ்வளவு பெரியவரின் கருத்தையும் சோதித்துப் பார்க்கத் துணிந்த தமிழர் ஒருவரின் கதை இது.

சர் சி. வி. இராமன் 1888 நவம்பர் 7 அன்று திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் சந்திரசேகர ஐயருக்கும் பார்வதி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1907 இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். அவ்வாண்டே கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியானார். அலுவல் நேரம் போக மீதியெல்லாம் ஆராய்ச்சிக்கே அளித்தார். 1917 இல் அந்தப் பெரிய பதவியைத் துறந்து பேராசிரியரானார்.

1921 இல் இங்கிலாந்து சென்று கப்பலில் திரும்புகையில் மத்தியதரைக் கடலின் நீலம் அவர் மனத்தைக் கவர்ந்தது. நீர்ப்பரப்பில் பட்டு வரும் வானொளியைத் தடுக்கும் ஒரு சிறு படிகக் கருவியின் வழியே கடலை நோக்கினார். நீலம் மறையவில்லை, இன்னும் ஆழ்ந்து தோன்றியது. நீரே ஒளியைச் சிதறச் செய்கிறது என்று கண்டார்.

பிறர் கருத்தைச் சோதித்தவருக்குத் தம் கருத்தைச் சோதிக்கும் வேளையும் வந்தது. 1923 இல் அவருடைய மாணவர் இராமநாதன், திரவங்களில் சிதறிய ஒளியில் நிறம் மாறிய மங்கிய ஒளி ஒன்றும் கலந்திருப்பதைக் கண்டார். திரவத்திலுள்ள அழுக்கே காரணம் என்று முதலில் எண்ணினர். எத்தனை முறை தூய்மை செய்தும் அவ்வொளி போகவில்லை. பின்னர் கே. எஸ். கிருஷ்ணனுடன் சுமார் 60 திரவங்களை ஆராய்ந்து, அது புதியதோர் ஒளி என 1928 பிப்ரவரி 28 அன்று தெளிந்தார். அதுவே இராமன் விளைவு. 1930 இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

தோழியரே, இத்தகைய மேதையின் மனத்திலும் சோதிக்கப்படாத எண்ணம் ஒன்று இருந்தது. 1933 இல் அவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்தபோது, பம்பாயில் சிறப்பாகத் தேறிய கமலா பாகவத் ஆராய்ச்சி செய்ய இடம் கேட்டார். பெண் என்பதால் இராமன் மறுத்தார். கமலா விடவில்லை. இறுதியில், ஓராண்டு பார்க்கலாம் என்று நிபந்தனையுடன் சேர்த்துக்கொண்டார். அவ்வோராண்டில் கமலாவின் உழைப்பைக் கண்ணால் கண்டபின் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார்; பிற பெண்களுக்கும் கதவு திறந்தது. கமலா 1939 இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னாளில் வானிலை அறிஞராகப் புகழ்பெற்ற அன்னா மணியும் இராமனின் ஆய்வுக்கூடத்தில் பயின்றவரே.

1970 நவம்பர் 21 அன்று இராமன் மறைந்தார். கடலைச் சோதிக்க அவருக்கு ஒரு சிறு கருவி போதுமாயிருந்தது. தம் மனத்திலிருந்த எண்ணத்தைச் சோதிக்கவோ, எதிரே ஒரு பெண் வந்து அசையாமல் நிற்க வேண்டியிருந்தது. பேனா காணாமற்போனதும் ஒருத்திமேல் ஐயம் கொள்கிறோம். புதிதாக வந்தவளை முதல் நாளே மந்தமானவள் என்று தீர்மானித்துவிடுகிறோம். அப்போதெல்லாம், இதை நான் கண்டேனா அல்லது எண்ணிக்கொண்டேனா என்று நம்மை நாமே ஒருமுறை கேட்டுப் பார்ப்போம்.