பெருமானாரின் பணியாளர் ஹஸ்ரத் அனஸ் (ரலி)

கி.பி. 622-ஆம் ஆண்டு பெருமானார் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனா நகர் வந்தடைந்த நாட்களில், உம்மு சுலைம் (ரலி) அம்மையார் தம் பத்து வயது மகனை அவர்களின் திருச்சமுகத்திற்கு அழைத்துச் சென்றார்கள். தமது முக்காட்டுத் துணியின் ஒரு பாதியை மகனுக்கு இடுப்பில் கட்டி, மறுபாதியை மேலே போர்த்தியிருந்தார்கள். தங்களுக்குப் பணிவிடை செய்ய இவனை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அத்தாயின் விண்ணப்பம். வளர்ப்புத் தந்தையாராகிய அபூதல்ஹா (ரலி) அவர்களே கைப்பிடித்து அழைத்துச் சென்றதாகவும் ஓர் அறிவிப்பு உண்டு. அந்தச் சிறுவரே ஹஸ்ரத் அனஸ் பின் மாலிக் (ரலி) அவர்கள்.

கி.பி. 632-இல் பெருமானார் மறையும் வரை அவர் அவ்வீட்டில் ஊழியம் புரிந்தார். நீர் கொண்டு கொடுப்பதும், ஏவிய இடத்திற்குச் சென்று வருவதும் அவருடைய வேலைகள். அவ்வளவு காலத்தில் ஒரு தடவையேனும் தம்மைப் பார்த்துச் சலித்துக் கொண்டதில்லை, செய்ததை ஏன் செய்தாய் என்றோ செய்யாததை ஏன் செய்யவில்லை என்றோ கேட்டதில்லை என்று பிற்காலத்தில் அவர் அறிவித்துள்ளார். வீட்டார் எவரேனும் கடிந்து கொண்டாலும், விட்டுவிடுங்கள், நடக்க வேண்டுமென்று விதிக்கப்பட்டிருந்தால் நடந்தே இருக்கும் எனக் கூறிப் பெருமானார் தடுத்து விடுவார்கள்.

பிள்ளை தவறே செய்திருக்க மாட்டார் போலும் என எண்ணிவிடாதீர்கள்! ஒரு நாள் ஒரு வேலையாக அனுப்பப்பட்டவர், கடைவீதியில் சிறுவர்கள் விளையாடக் கண்டு அங்கேயே நின்றுவிட்டார். பின்னாலிருந்து ஒரு கரம் அவருடைய பிடரியைப் பற்றியது. திரும்பிப் பார்த்தால், பெருமானார் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். உனைஸ் என்று செல்லப் பெயரால் அழைத்து, சொன்ன இடத்திற்குப் போனாயா என வினவினார்கள். இதோ போகிறேன் என்றார் சிறுவர். அவ்வளவுதான் நடந்தது. இன்று நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்மணி அரைமணி தாமதித்து வந்தால் நாம் எந்தக் குரலில் பேசுகிறோம்? அவருடைய பெயரையாவது அறிந்திருக்கிறோமா?

வேறொரு சமயம் இரகசியமான ஓர் அலுவலுக்கு அவரை அனுப்பினார்கள். வீடு திரும்பத் தாமதமானதால் தாயார் காரணம் கேட்க, அது பெருமானாரின் இரகசியம் என்றார் மகன். எவரிடமும் அதைச் சொல்லாதே என்று தாயாரும் கூறிவிட்டார். ஊழியரை நம்பி ஒரு பொறுப்பை ஒப்படைப்பதும் அவருக்குச் செய்யும் கண்ணியமே.

அவ்வேழை ஊழியத்திற்கு நன்றியாகக் கிடைத்ததோ பெருஞ்செல்வம். பெருமானார் அவர்கள் வீட்டிற்கே விஜயம் செய்வார்கள். நாட்பட்டுக் கறுத்துப்போன பாயை அனஸ் நீர் தெளித்து விரிக்க, அதன்மீது நின்று அவ்வீட்டாருக்குத் தொழுகை நடத்தினார்கள். உம்மு சுலைம் வேண்டிக்கொண்டதன் பேரில், அனஸுக்குப் பொருளையும் மக்களையும் பெருக்கி, கொடுத்தவற்றில் பரக்கத் செய்யும்படி அல்லாஹ்விடம் துஆச் செய்தார்கள். ஆண்டிற்கு இருமுறை காய்க்கும் தோட்டம் பிற்காலத்தில் அவருக்கு வாய்த்தது. மக்களும் பெருகினர்.

கலீபா அபூபக்ர் (ரலி) அவர்கள், இருபது வயதளவே ஆன அனஸை ஜகாத் வசூலிக்கும் பொறுப்புடன் பஹ்ரைன் பகுதிக்கு அனுப்பினார்கள். பின்னர் அவர் பஸரா நகரில் குடியேறினார். அவர் வழியாக வந்த ஹதீஸ்கள் 2286 எனக் கணக்கிட்டுள்ளனர். ஏவல் செய்த சிறுவர் உலகத்திற்கு ஆசானானார்! ஒரு பயணத்தில், தம்மைவிட வயதில் மூத்தவரான ஜரீர் பின் அப்தில்லாஹ் (ரலி) அவர்கள் அனஸுக்குப் பணிவிடை செய்தார்கள். அன்சாரிகள் பெருமானாருக்குச் செய்த சேவையைக் கண்டவராதலால், அவர்களில் எவரைச் சந்தித்தாலும் உபசரிப்பது என உறுதி கொண்டிருந்தார் ஜரீர்.

எல்லோரும் அப்படி இருக்கவில்லை. ஹிஜ்ரி 74-இல் ஆளுநர் ஹஜ்ஜாஜ் பின் யூசுப் அம்முதியவரை இழிவுபடுத்தக் கருதி, அவருடைய கழுத்தில் முத்திரையிட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அதிகார மமதைக்கு இதைவிடக் கேவலமான சான்று தேவையில்லை. ஹஜ்ஜாஜின் கொடுமை பற்றி அனஸ் கலீபா அப்துல் மலிக்குக்கு ஒரு கடிதம் வரைந்தார். தாம் அல்லாஹ்வின் தூதருக்குப் பல ஆண்டுகள் ஊழியம் செய்தவர் என்பதையும், யூதரும் கிறிஸ்தவரும் தம் நபிக்கு ஊழியம் செய்த ஒருவரைக் கண்டிருந்தால் கண்ணியப்படுத்தியிருப்பார்கள் என்பதையும் அதில் குறிப்பிட்டார். கலீபா கடுமையாகக் கண்டித்து எழுத, ஹஜ்ஜாஜ் பணிந்து சமாதானம் கோர நேர்ந்தது.

ஏறத்தாழ ஹிஜ்ரி 93-இல், நூறு வயதை ஒட்டி, அன்னார் பஸராவில் வபாத்தானார்கள். அந்நகரில் இறுதியாக மறைந்த நபித்தோழர் அவர்களே. முன்பு பெருமானார் நண்பகலில் தம் வீட்டில் உறங்கும்போது, அவர்களின் வியர்வையை உம்மு சுலைம் சிறு குப்பியில் சேகரித்து நறுமணப் பொருளுடன் கலந்து வைத்திருந்தார்கள். தம் ஜனாஸாவுக்குப் பூசும் வாசனையில் அதிலிருந்து கலக்க வேண்டுமென அனஸ் மரண சாசனம் செய்திருந்தார். அவ்வாறே கலந்து பூசினார்கள்.