கைக்குட்டையில் பிறந்த விடுதலை

வாழ்க்கை வரலாறு என்றதும் தலைவர்களையும் புலவர்களையும் அறிவியலாளர்களையும் எழுதுவதே நம் ஆண்டிதழின் வழக்கம். இம்முறை நான் எழுத வந்திருப்பது ஓர் அமெரிக்கப் பெண்மணியைப் பற்றி. அவர் தம் இளவயதில் தைத்த ஓர் உள்ளாடையைப் பற்றி. இதைப் படித்ததும் ஆண் வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் வீட்டிலும் அம்மாவும் அக்காவும் தங்கையும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லாமல் பொறுத்துக்கொள்ளும் ஒரு வலியைப் பற்றியது இக்கட்டுரை.

சென்ற ஆண்டு நம் மொழிக்கழகத்தின் கலையிரவில் நான் மேடை அறிவிப்பாளராக இருந்தேன். புதுச்சேலை, தலை நிறைய மல்லிகை, கையில் ஒலிவாங்கி. வரவேற்பு நடனம் முடிவதற்குள்ளேயே என் மார்க்கச்சின் அடியிலிருந்த கம்பி துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து விலாவில் குத்தத் தொடங்கியது. இரண்டரை மணி நேரம் சிரித்த முகத்தோடு நின்றேன். அறிவிப்பு நன்றாக இருந்தது என்று எல்லோரும் பாராட்டினார்கள். விடுதிக்குத் திரும்பிப் பார்த்தபோது ரவிக்கையின் உட்பக்கத்தில் சிறிய இரத்தக்கறை.

மறுநாள் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். பெண்ணாகப் பிறந்தால் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும், இதைப் போய் யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்காதே என்றார். அம்மாவைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்தபோது என் முதல் மார்க்கச்சை அவர் நாளிதழில் சுற்றித்தான் கொடுத்தார். துவைத்தால் துண்டுக்கு அடியில் மறைத்துக் காயப்போட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனேன். உடலின் உறுப்புகளை மலாய் மொழியிலும் ஆங்கிலத்திலும் கூச்சமின்றி எழுதித் தேர்வில் புள்ளிகள் வாங்கினேன். தமிழில் சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை. கச்சு என்பது நம் பழந்தமிழ்ச் சொல் என்பதைக்கூடப் பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகுதான் அறிந்தேன்.

என் அறையில் தங்கியிருந்த மூத்த மாணவி ஒருவர் அந்தக் கறையைப் பார்த்துவிட்டு, கம்பியில்லாத மார்க்கச்சு ஒன்றை வாங்கி அணிந்து பார்க்கச் சொன்னார். கம்பியில்லாமல் அது எப்படி நிற்கும் என்று கேட்டேன். முதன்முதலில் வந்தபோதே அதில் கம்பி கிடையாது என்றார் அக்கா. அந்த ஒரு வார்த்தைதான் என்னை நூலகத்திற்கு அனுப்பியது. அங்கே எனக்குக் கிடைத்தவர் மேரி பெல்ப்ஸ் ஜேக்கப்.

இவர் 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தில் நியூ ரொஷெல் என்னும் ஊரில் பிறந்தார். வசதியான குடும்பம். வீட்டில் செல்லப் பெயர் போலி. நீராவிக் கப்பலை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய ராபர்ட் புல்ட்டன் தம் முன்னோர்களுள் ஒருவர் என்பது அவருக்குப் பெருமை. அக்காலத்தில் அவரைப் போன்ற குடும்பத்துப் பெண்கள் நடன விருந்துகளில் அறிமுகமாவதும், பின்னர் நல்ல இடத்தில் மணமுடிப்பதும் எழுதப்படாத விதி.

அந்த விருந்துகளுக்குப் போகும் பெண்கள் கார்செட் எனப்படும் இறுக்குக் கச்சையை அணிந்தாக வேண்டும். மார்பிலிருந்து இடுப்புவரை உடலை நெருக்கிப் பிடிக்கும் அந்த ஆடைக்குள், திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுத்த வளையும் தகடுகளையோ எஃகுப் பட்டைகளையோ வைத்துத் தைத்திருப்பார்கள். முதுகில் கயிறு கட்டி இழுப்பார்கள். குனியவும் முடியாது, ஆழ்ந்து மூச்சு வாங்கவும் முடியாது. ஆனால் அதை அணியாத பெண்ணுக்கு மரியாதை இல்லை.

ஒரு மாலை, நடன விருந்துக்காகப் போலி மெல்லிய துணியாலான புதிய கவுன் ஒன்றை அணிந்தார். உள்ளே இருந்த கச்சை அந்தத் துணிக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றது. அழகான ஆடை அலங்கோலமானது. எல்லாப் பெண்களும் என்ன செய்திருப்பார்கள்? ஆடையை மாற்றியிருப்பார்கள். போலி கச்சையை மாற்றினார். பணிப்பெண்ணை அழைத்து இரண்டு பட்டுக் கைக்குட்டைகளும் இளஞ்சிவப்பு நாடாவும் ஊசி நூலும் கொண்டுவரச் செய்தார். கைக்குட்டைகளை இணைத்துத் தைத்து, நாடாவைக் கட்டுவாராக வைத்து அணிந்துகொண்டார். தகடு இல்லை, எஃகு இல்லை. அன்றிரவு அவர் மற்றவர்களைவிட இலகுவாக ஆடினார். தோழிகள் சூழ்ந்துகொண்டு காரணம் கேட்டார்கள். தமக்கும் ஒன்று தைத்துத் தரச் சொன்னார்கள். பின்னர் அறிமுகமில்லாத ஒருவர் ஒரு டாலர் தருவதாகக் கேட்டபோதுதான், இது விற்கக்கூடிய பொருள் என்று அவருக்குத் தோன்றியது.

1914-ஆம் ஆண்டு பிப்ரவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதே ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் முதுகுப்புறம் திறந்த மார்க்கச்சுக்கான அமெரிக்கக் காப்புரிமை அவருக்குக் கிடைத்தது. அதன் எண் 1,115,674. வெவ்வேறு உடல் அளவுள்ள பெண்களுக்கும் இது பொருந்தும், டென்னிஸ் போன்ற கடுமையான விளையாட்டின்போதும் அணியலாம் என்று அந்த ஆவணத்தில் அவர் விளக்கியிருந்தார். ஒரு பெண் ஓடி விளையாடுவாள் என்பதை நினைவில் வைத்து வடிவமைத்த உள்ளாடை அது என்பதை எண்ணும்போது எனக்கு வியப்பாக இருக்கிறது.

இவர்தாம் உலகிலேயே முதல்வர் என்று சொல்வது சரியாகாது. பிரான்சில் எர்மினி கடோல் என்னும் பெண்மணி 1889-லேயே இறுக்குக் கச்சையை மேல் கீழ் என இரண்டாகப் பிரித்துவிட்டார். வேறு சிலரும் காப்புரிமை பெற்றிருந்தனர். போலியின் வடிவத்தில் இன்றுள்ள கிண்ண அமைப்பும் கிடையாது. ஆனாலும் தகடுகளை முற்றாக நீக்கிய மென்மையான, எடையற்ற உள்ளாடை என்ற எண்ணத்தை எளிமையாக முன்வைத்தவர் என்பதால் அவர் பெயர் நிலைத்துவிட்டது.

1915-இல் ரிச்சர்ட் பீபாடி என்பவரை மணந்தார். இரண்டு குழந்தைகள் பிறந்தனர். முதல் உலகப் போருக்குச் சென்று திரும்பிய கணவர் மதுவுக்கு அடிமையானார். 1920-இல் போலி பாஸ்டன் நகரில் சிறு தொழிலகம் ஒன்றைத் தொடங்கினார். இரண்டே பெண்கள் தையல் வேலை செய்தார்கள். தொழில் பெரிதாக வளரவில்லை. பின்னர் காப்புரிமையை வார்னர் சகோதரர்களின் கச்சை நிறுவனத்திற்கு 1,500 டாலருக்கு விற்றுவிட்டார். அந்நாளில் அது அவருக்கு நல்ல தொகையாகவே தோன்றியது. அப்பொருள் கோடிக்கணக்கான பெண்களின் அன்றாட ஆடையாக மாறும் என்று அன்று யார் கண்டார்?

அத்துடன் அவர் கதை முடிந்துவிடவில்லை. 1922-இல் மணவிலக்குப் பெற்று, ஹாரி கிராஸ்பி என்னும் இளம் கவிஞரை மணந்து பாரிஸ் சென்றார். அங்கே கரெஸ் கிராஸ்பி என்று பெயரை மாற்றிக்கொண்டார். இருவரும் 1927-இல் தொடங்கிய பதிப்பகம் பின்னர் கருஞ்சூரியன் அச்சகம் என்ற பொருள்படும் பெயரால் புகழ்பெற்றது. டி. எச். லாரன்ஸ், ஜேம்ஸ் ஜாய்ஸ் போன்றோரின் எழுத்துகளை அழகிய பதிப்புகளாக வெளியிட்டது. 1929 டிசம்பரில் ஹாரி வேறொரு பெண்ணோடு இறந்துகிடந்தார். அந்த அவமானத்திலும் துயரத்திலும் கரெஸ் முடங்கிவிடவில்லை. மறு ஆண்டே ஹார்ட் கிரேனின் நெடுங்கவிதையை வெளியிட்டார். பதிப்பகத்தைத் தனியாக நடத்தினார். பிற்காலத்தில் உலக அமைதிக்காக உழைத்தார். 1953-இல் தன்வரலாறு எழுதினார். அதில் முன்னோரின் நீராவிக் கப்பலுக்குத் தம் மார்க்கச்சு ஈடாகாது என்று வேடிக்கையாகச் சொன்னாலும், அதைக் கண்டுபிடித்தவர் தாமே என்று பதியத் தவறவில்லை. 1970 ஜனவரி 24-ஆம் நாள் ரோம் நகரில் தமது 78-ஆம் வயதில் காலமானார்.

அப்படியானால் கம்பி எங்கிருந்து வந்தது? மார்பை உயர்த்திக் காட்டும் தோற்றம் நாகரிகமானபோது, அடிக்கம்பி வைத்த மார்க்கச்சுகள் 1950-களில் பரவலாயின. போலி வெளியே எடுத்த உலோகம் வேறு வடிவில் உள்ளே வந்துவிட்டது. அதுதான் என் விலாவைக் குத்தியது.

வரலாற்றைப் படித்த பிறகு கடைக்குப் போனேன். அக்கா சொன்னபடி அளவு நாடாவால் மார்புக்குக் கீழும் மார்பின் மேலும் அளந்துகொண்டேன். பல ஆண்டுகளாகத் தவறான அளவையே அணிந்து வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. தாங்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது தோள்வார் அன்று. மார்பைச் சுற்றிவரும் அடிப்பட்டைதான். அப்பட்டைக்குள் இரண்டு விரல்கள் நுழைய வேண்டும்; கைகளை உயர்த்தினால் பட்டை மேலே ஏறக்கூடாது.

முதல் நாள் எதையோ மறந்துவிட்டு வந்ததுபோல் இருந்தது; தோளைக் குறுக்கிக்கொண்டே நடந்தேன். மூன்றாம் நாள் மேட்டிலுள்ள விரிவுரை மண்டபத்திற்குப் படியேறிப் போனபோது, அதை அணிந்திருப்பதே நினைவில் இல்லை. நம் நாட்டு வெயிலுக்குப் பருத்தி கலந்த துணி இதமாக இருக்கிறது. குறையும் உண்டு. பூப்பந்து ஆட அது போதவில்லை. அதற்கு விளையாட்டுக்குரியதைத்தான் அணிகிறேன். மார்பு பெரியவர்களுக்குக் கம்பி வைத்தது வசதியாக இருக்கலாம். சரியான அளவில் இருந்தால் கம்பி பகையன்று. கம்பி புற்றுநோய் தரும் என்று பரவும் பேச்சுக்கும் மருத்துவச் சான்று இல்லை. எனவே கம்பியைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. குத்தினால் குத்துகிறது என்று சொல்லுங்கள் என்கிறேன்.

தீபாவளி விடுமுறைக்குப் போனபோது அம்மாவுக்கும் ஒன்று வாங்கிச் சென்றேன். அளவெடுக்க விடவே மாட்டேன் என்றார். பாதி கெஞ்சி, பாதி அதட்டி அளந்தேன். அவர் மார்புக்குக் கீழே, இருபுறமும் கருத்துப்போன இரண்டு வரிகள் இருந்தன. எத்தனை ஆண்டுத் தடமோ தெரியாது. அவர் வலிக்கிறது என்று சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் ஒருநாளும் கேட்டதில்லை என்பதுதான் அன்று எனக்கு உறைத்தது.

வாங்கி வந்ததை அம்மா அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டார். வீணாகிவிட்டது என்றே நினைத்தேன். இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்து, சாப்பாட்டையும் தேர்வையும் விசாரித்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, அதேபோல் இன்னும் இரண்டு கிடைக்குமா என்று கேட்டார்.

தோழியரே, நாகரிகத்திற்காக வலியைப் பொறுப்பது பண்பாடு என்று போலியின் காலத்திலும் சொன்னார்கள்; நம் காலத்திலும் சொல்கிறார்கள். அவர் வாதம் செய்யவில்லை, ஊசியை எடுத்தார். நாம் ஊசி எடுக்க வேண்டியதில்லை. நம் தாயிடமும் தங்கையிடமும் நம் மொழியிலேயே வாய்திறந்து கேட்டால் போதும்.