மதராஸ் நேரத்தைக் கணித்த ஜான் கோல்டிங்காம்

நம் நகர்த் தெருவிளக்கு டைமர் மாதத்துக்கு ஐந்தாறு நிமிடம் பின்தங்குகிறது என்று சென்ற கூட்டத்தில் பலரும் குறைப்பட்டுக்கொண்டார்கள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நம் தெருப் பையன் ஒருவனும் விடுமுறைக்கு வந்து அங்கே உட்கார்ந்திருந்தான். கம்ப்யூட்டருக்கும் இதே தொல்லைதான், ஆன் செய்ததும் அது பார்க்கும் முதல் வேலைகளில் ஒன்று தன் கடிகாரத்தைச் சரிபார்ப்பது என்றான். அதைக் கேட்டதும் எனக்கு ஜான் கோல்டிங்காம் நினைவு வந்தது.

சென்னை ராஜாஜி ஹாலை வெளியே நின்றாவது பார்த்திருப்பீர்கள். 1751-ல் நம் ஆரணியில் போரிட்ட ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் மதராஸ் கவர்னராக இருந்தபோது, 1802-ல் கட்டி முடித்த மண்டபம் அது. கட்டியவர் கோல்டிங்காம். ஆனால் கட்டடம் அவருக்குப் பக்கத்து வேலைதான். முழுநேர வேலை வானத்தைப் பார்த்து மணி சொல்வது.

எழும்பூரில் வில்லியம் பெட்ரி என்ற அதிகாரி சொந்தச் செலவில் வைத்திருந்த வானாய்வுக்கூடத்தில் உதவியாளராகத் தொடங்கினார். கம்பெனி அதை ஏற்று, 1792-ல் நுங்கம்பாக்கத்துக்கு மாற்றியது. தலைமை வகித்த மைக்கேல் டாப்பிங் 1796-ல் இறந்ததும் பொறுப்பு இவரிடம் வந்தது. டாப்பிங் 1794-ல் தொடங்கிய நில அளவைப் பள்ளியும் கூடவே வந்தது. நம் பிள்ளைகள் இடம் கிடைக்காதா என்று ஏங்கும் கிண்டி பொறியியல் கல்லூரியின் தொடக்கம் அந்தப் பள்ளிதான்.

கடிகாரம் சரியா என்று எதை வைத்துச் சொல்வது? இன்னொரு கடிகாரத்தை நம்ப முடியாது. ஒரு நட்சத்திரம் உச்சியைக் கடந்து மறுநாள் அதே இடத்துக்கு வர 23 மணி 56 நிமிடம் 4 விநாடி ஆகும். அதோடு ஒப்பிட்டால் கடிகாரம் எவ்வளவு ஓடுகிறது, எவ்வளவு பின்தங்குகிறது என்று தெரியும். ஒரே இரவு பார்த்தால் கண்ணின் பிசகே பெரிதாகத் தெரியும். பல இரவு பார்த்தால் அது கரைந்துவிடும். நெசவு வீடுகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஒரு சாண் அளக்கும்போது விரல்கடை தவறினால் பெரிய தப்பு. முழுப் பாவில் அதே விரல்கடை ஒன்றுமேயில்லை.

கம்ப்யூட்டரும் இப்படித்தான் செய்கிறதாம். பிராசஸருக்குள் விநாடிக்குக் கோடிக்கணக்கில் ஏறும் எண்ணி ஒன்று உண்டு. அது சரியாக எத்தனை ஏறுகிறது என்பது கெர்னலுக்கு எப்போதும் முன்கூட்டித் தெரிவதில்லை. விநாடிக்கு 11,93,182 முறை துடிக்கும் பழைய டைமர் போன்ற தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. லினக்ஸ் முதலில் கண்மூடித் திறப்பதற்குள் ஒரு கணக்குப் போட்டு வேலையைத் தொடங்கிவிடும். பிறகு சாவகாசமாக ஒரு முழு விநாடி அளந்து அதைத் திருத்திக்கொள்ளும்.

கோல்டிங்காமும் நீண்ட அளவைத்தான் விரும்பினார். 1820, 1821-ம் ஆண்டுகளில் புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் சுடும் பீரங்கிகளின் ஒளியைக் கண்டதும் எண்ணத் தொடங்கி, ஓசை வரும்வரை நேரம் பார்த்து ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டார். மலை 29,547 அடி தூரம். ஓசை வந்து சேர 25 விநாடிக்கு மேல் ஆகும். மார்கழிக் குளிரில் வேகம் குறைவதும் ஆடியில் கூடுவதும் அவர் கணக்கில் தெரிந்தது.

இவ்வளவு கவனமானவரிடமும் ஒரு பிசகு நேர்ந்தது. வியாழனின் நிலவுகள் மறையும் நேரத்தை வைத்து, 1802-ல் மதராஸின் தீர்க்கரேகை 80 பாகை 18 நிமிடம் 30 விகலை என்று கணித்தார். கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது மதராஸ் நேரம். உண்மை அதைவிட சுமார் 15 விநாடி குறைவு. நிலவு பட்டென்று மறைவதில்லை, மங்கி மங்கி மறைகிறது. எந்த விநாடியில் மறைந்தது என்பது பார்ப்பவரின் கண்ணையும் தூரதர்சினியையும் பொறுத்தது. கடிகாரம் எவ்வளவு ஒழுங்காக ஓடினாலும் இந்தக் குறையைத் தீர்க்க முடியாது. 15 விநாடி என்றால் தரையில் 6 கிலோமீட்டருக்கு மேல். கடலில் கப்பல் ஓட்டுபவருக்கு அது சின்ன விஷயமல்ல.

ஆனாலும் அந்த நேரத்தை வைத்துத்தான் பின்னாளில் இந்திய ரயில்கள் ஓடின. 1906-ல் இப்போதைய இந்திய நேரம் வந்தபோது மதராஸ் கடிகாரங்களை ஏறக்குறைய 9 நிமிடம் முன்னே தள்ளி வைக்க வேண்டியிருந்தது. கோல்டிங்காம் அதைப் பார்க்கவில்லை. இடையில் சில ஆண்டுகள் ஜான் வாரன் பொறுப்பு வகித்தது போக, 1830 வரை பணியில் இருந்துவிட்டு இங்கிலாந்து திரும்பி, 1849-ல் காலமானார். அவருடைய கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழ் எழுத்துகளோடு, இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது.

நம் டைமர் விஷயம்: இந்த முறை திருத்தி வைத்ததும் மறுநாளே போய்ப் பார்க்க வேண்டாம். முப்பது நாள் கழித்து, செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டு எத்தனை நிமிடம் வித்தியாசம் என்று பராமரிப்பு நோட்டில் எழுதுங்கள். மாற்றுவதா வேண்டாமா என்று அடுத்த கூட்டத்தில் பேசலாம்.