இரும்பாலை அதிபரின் செப்புக் காசு

நாணயம் என்னும் சொல் காசையும் குறிக்கும்; சொல் தவறாமையையும் குறிக்கும். மாணாக்கர்க்கு இதனை விளக்கும்போதெல்லாம் நான் ஜோன் வில்கின்சனை நினைவுகூர்வதுண்டு.

1728ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் பிறந்த அவர், இரும்புத் தொழிலிலே தலைசிறந்து விளங்கினார். உருளைகளைப் பிழையறத் துளைக்கும் அவரது திறனே ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரத்தை இயங்கச் செய்தது. ஆயினும் தொழிலாளர்க்குக் கூலி கொடுக்க அவரிடம் நல்ல சில்லறை இல்லை. 1775இன் பின் அரசு செப்புக்காசு அடியாது விட்டமையாற் சந்தையிற் கள்ளக்காசு மலிந்தது. கடைக்காரன் காசை மறுத்தால் கூலியாள் வீட்டில் அடுப்பெரியாது.

1787இல் வில்கின்சன் தாமே அரைப்பெனிச் செப்புவில்லைகளை வெளியிட்டார். மன்னர் தலை பொறிக்கும் இடத்தில் தம் தலையைப் பொறித்தார். விளிம்பிலே தம் ஆலைகள் இருந்த ஊர்ப்பெயர்களை இட்டார். செருக்கென நகைத்தோரும் உளர். எனக்கோ அது பொறுப்பேற்றலாகவே தோன்றுகின்றது. முகமும் ஊரும் காட்டியவன் ஒளித்தோடல் இயலாது.

1797இலேதான் அரசு மத்தேயு போல்ற்றனைக் கொண்டு மீண்டும் செப்புக்காசு அடிப்பித்தது. 1808இல் மறைந்த வில்கின்சன் இரும்புப் பேழையில் அடக்கஞ் செய்யப்பட்டார். அவர் வில்லையிலிருந்த செம்பின் விலை சிறிது. அதனைக் காசாக்கியது அவர் கொடுத்த வாக்கு. அவ்வாக்கையன்றோ நம் மொழி நாணயம் என்கின்றது!