காற்புள்ளியும் ஓர் அறிஞரும்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. வேதியியல்

விடுதலை வீரர்களைப் பற்றியும் விஞ்ஞானிகளைப் பற்றியும் நண்பர்கள் பலர் இம்மலரில் எழுதுவார்கள். வேதியியல் மாணவனாகிய நான் எழுத எடுத்துக்கொண்டதோ ஓர் அகராதிக்காரரின் வாழ்க்கை. ஹென்றி வாட்சன் ஃபவுலர் என்பது அவர் பெயர். கன்சைஸ் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைப் புரட்டாமல் கல்லூரியைக் கடந்தவர் அரியர். அவ்வகராதியை முதன்முதலில் தொகுத்தவர்கள் இவரும் இவருடைய தம்பியுமே.

ஃபவுலர் 1858ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள் இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். எட்டுக் குழந்தைகளில் ஹென்றியே மூத்தவர். ரக்பி பள்ளியில் பயின்றபின் ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரியில் சேர்ந்தார். 1881இல் படிப்பை முடித்து வெளியேறினார். ஆனால் பட்டம் 1886இல்தான் கைக்கு வந்தது. சமயப் பாடத் தேர்வில் அவர் தேறாததே காரணம். உலகம் போற்றும் அகராதி அறிஞருக்கும் ஐந்தாண்டு 'அரியர்' இருந்தது என்பதை நம் விடுதி நண்பர்கள் சிலர் அறிந்தால் ஆறுதல் கொள்வார்கள்.

1882 முதல் 1899 வரை செட்பர் என்னும் ஊர்ப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். விடுதித் தலைவர் பதவி மும்முறை அவரைத் தேடி வந்தது. மும்முறையும் மறுத்தார். அப்பதவியில் இருப்பவர் மாணவர்களைத் திருச்சபையின் உறுதிபூசுதல் சடங்குக்கு ஆயத்தம் செய்தாக வேண்டும். தமக்கு நம்பிக்கை இல்லாத ஒன்றைப் பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிப்பது? பதவியை மட்டுமன்று, வேலையையே விட்டுவிட்டார். நாற்பது வயதைக் கடந்தபின் நிலையான சம்பளத்தை உதறுவது எத்தகைய துணிவு என்பது, மாதச் சம்பளத்தையே கண்டிராத குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

இலண்டனில் சில ஆண்டுகள் கட்டுரை எழுதிக் காலம் தள்ளினார். வருவாய் பெரிதாக இல்லை. 1903இல் கெர்ன்சி தீவுக்குச் சென்றார். தம்பி ஃபிரான்சிஸ் அங்கே தக்காளி பயிரிட்டு வந்தார். சகோதரர்கள் இருவரும் அருகருகே இரண்டு கல்வீடுகளில் வாழ்ந்துகொண்டு, சேர்ந்து நூல் எழுதினார்கள். லூசியன் என்னும் பண்டைய கிரேக்க எழுத்தாளரின் நூல்களை மொழிபெயர்த்து 1905இல் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு வெளிவந்ததுதான் 'தி கிங்ஸ் இங்கிலீஷ்'. செய்தித்தாள்களிலும் புகழ்பெற்ற நூல்களிலும் உள்ள பிழையான வாக்கியங்களை எடுத்து வைத்து, இன்ன இடத்தில் இன்ன குறை என்று காட்டிய நூல் அது.

அந்நூலில் என் மனத்தைக் கவர்ந்த பகுதி ஒன்றுண்டு. 'ஹூ', 'விச்', 'தட்' ஆகிய சொற்களால் தொடங்கும் இணைப்பு வாக்கியங்களைப் பற்றியது அது. ஃபவுலர் அவற்றை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, யாரைச் சொல்கிறோம் என்பதை வரையறுப்பது. மற்றொன்று, முன்பே தெரிந்தவரைப் பற்றி மேலும் ஒரு செய்தி கூறுவது. எங்கள் ஆய்வுக்கூட மொழியில் சொல்வதானால் முதலாவது வடிதாள். இரண்டாவது புட்டியின்மேல் ஒட்டும் சீட்டு. வடிதாள் சிலவற்றைத் தடுத்துச் சிலவற்றையே கீழே விடும். சீட்டோ புட்டியில் உள்ளது முழுவதையும் குறிக்கும்.

எடுத்துக்காட்டாக, 'தி ஸ்டூடன்ட்ஸ் ஹூ கேம் லேட் பெய்ட் எ ஃபைன்' என்று எழுதினால், மாணவர்களில் தாமதமாக வந்தவர்கள் மட்டும் அபராதம் கட்டினார்கள் என்பது பொருள். 'தி ஸ்டூடன்ட்ஸ், ஹூ கேம் லேட், பெய்ட் எ ஃபைன்' என்று இரண்டு காற்புள்ளிகளை இட்டுவிட்டால் அத்தனை மாணவர்களும் தாமதமாக வந்தவர்கள் ஆகிவிடுகிறார்கள். அத்தனை பேர் சட்டைப்பையிலும் கை வைத்தாயிற்று! சொற்கள் மாறவில்லை. மை சிந்தியது போன்ற இரண்டு சிறு குறிகள், நேரத்தில் வந்தவனையும் குற்றவாளி ஆக்கிவிட்டன.

பொருள்களைக் குறிக்கும்போது வரையறுப்பதற்குத் 'தட்', கூடுதல் செய்திக்கு 'விச்' என்று பங்கிட்டுக்கொண்டால் குழப்பம் குறையும் என்பது ஃபவுலரின் கருத்து. மனிதர்களைப் பற்றி எழுதும்போது பெரும்பாலோர் இரண்டு இடத்திலும் 'ஹூ' என்றே எழுதுகிறார்கள். மனிதரைத் 'தட்' என்று குறிப்பது மரியாதைக் குறைவு என்று கருதுவோரும் உளர். பல நூற்றாண்டுகளாக ஆங்கிலத்தில் இருந்து வரும் வழக்குத்தான் அது. எப்படியாயினும் மனிதக் கூட்டத்தைப் பற்றிய வாக்கியத்தில் சொல் நம்மைக் காப்பாற்றாது. காற்புள்ளிதான் காக்க வேண்டும்.

இதில் என்ன பெரிய காரியம் என்று சிலர் நினைக்கலாம். சென்ற கோடை விடுமுறையில் நான் சேர்ந்த ஓர் ஆங்கிலப் பயிற்சி வகுப்பில் சிறு கையேடு ஒன்று கொடுத்தார்கள். அதன் முதற் பக்கத்திலேயே கிராமத்து மாணவர்களைப் பற்றி ஒரு வாக்கியம் இருந்தது. 'ரூரல் ஸ்டூடன்ட்ஸ்' என்று தொடங்கி, காற்புள்ளி இட்டு, ஆங்கிலத்துக்கு அஞ்சுபவர்கள் என்று கூறி, மீண்டும் காற்புள்ளி இட்டு, அவர்களுக்குத் தனிக் கவனம் தேவை என்று முடிந்தது. என் தந்தை கடலைக் காட்டில் கூலி வேலை செய்பவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். எனக்கு ஆங்கிலத்தில் தயக்கம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரிலிருந்தே என்னுடன் வந்த நண்பன் தங்கு தடையின்றி ஆங்கிலம் பேசுவான். அவனையும் சேர்த்தல்லவா அந்தக் காற்புள்ளிகள் கட்டிப் போட்டுவிட்டன? காற்புள்ளிகளை எடுத்துவிட்டால், அஞ்சுகின்ற மாணவர்களுக்குக் கவனம் தேவை என்ற நியாயமான பேச்சாகிவிடும். இதை எடுத்துச் சொன்னபோது பயிற்றுநர், ஒரு புள்ளிக்கு இத்தனை வழக்கா என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

தாய்மொழியிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 'ஆங்கிலம் அறியாத கிராமத்து மாணவர்கள்' என்று நாம் எழுதுகிறோம். 'அறியாத' என்னும் பெயரெச்சம் எல்லாரையும் சொல்கிறதா, சிலரை மட்டும் சொல்கிறதா? இரண்டுக்கும் இடந்தருகிறது. பெயரெச்சத்துக்கும் பெயருக்கும் நடுவே காற்புள்ளி இடும் வழக்கமும் நம்மிடம் இல்லை. 'கிராமத்து மாணவர்களுள் ஆங்கிலம் அறியாதவர்கள்' என்று எழுதினால் ஐயம் தீர்ந்துவிடும். 'உள்' என்னும் இரண்டெழுத்து உருபு அந்த வேலையைச் செய்துவிடுகிறது. மேடைப் பேச்சாளர்கள் பலர் அவ்வுருபை மறந்துவிடுகிறார்கள். அல்லது வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்கள்.

ஃபவுலரிடம் மீண்டும் வருவோம். 1908ஆம் ஆண்டு, தம் ஐம்பதாவது பிறந்த நாளன்று ஜெஸ்ஸி வில்ஸ் என்னும் செவிலியரை மணந்தார். 1911இல் கன்சைஸ் அகராதி வெளிவந்தது. பின்னர் முதல் உலகப் போர் மூண்டது. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய ஃபவுலர் தம் வயதைக் குறைத்துச் சொல்லிப் படையில் சேர்ந்தார்! எழுத்தில் இம்மியளவு பிசகையும் பொறுக்காதவர் வயதில் மட்டும் பத்தாண்டுக்கு மேல் பிசகினார். தம்பியும் உடன் சேர்ந்தார். பிரான்சில் பாத்திரம் கழுவுவது, கரி சுமப்பது போன்ற வேலைகளே கிடைத்தன. உடல்நலம் குன்றி 1916இல் இருவரும் படையிலிருந்து விடுவிக்கப்பட்டனர். போர்ப் பணியின்போது பற்றிய காசநோயால் 1918இல் தம்பி இறந்தார்.

இருவரும் சேர்ந்து எழுதத் திட்டமிட்ட பெருநூலை அதன்பின் மூத்தவர் தனியே எழுத வேண்டியதாயிற்று. 'மாடர்ன் இங்கிலீஷ் யூசேஜ்' என்னும் அந்நூல் 1926இல், அவருடைய அறுபத்தெட்டாம் வயதில் வெளிவந்தது. அதைத் தம்பிக்கே உரிமையாக்கினார். இணைப்பு வாக்கியங்களைப் பற்றி இதில் இன்னும் விரிவாக எழுதியுள்ளார். தாம் கூறும் 'தட்', 'விச்' பங்கீட்டைப் பெரும்பாலான எழுத்தாளர்களும் சிறந்த எழுத்தாளர்களும்கூடப் பின்பற்றவில்லை என்பதை அவரே ஒளிவின்றி ஒப்புக்கொண்டார். இலக்கணக்காரர்கள் கட்டளை இடுபவர்கள் என்று எண்ணியிருந்த எனக்கு இந்த நேர்மை வியப்பளித்தது. பிற்காலத்தில் அமெரிக்கப் பதிப்பாளர்கள் அப்பங்கீட்டை உறுதியாகப் பற்றிக்கொண்டார்கள். அவருடைய சொந்த நாட்டிலோ அது அவ்வளவாக வேரூன்றவில்லை. காற்புள்ளியைப் பொறுத்தவரை இரு நாட்டாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இறுதி ஆண்டுகளில் சாமர்செட் பகுதியில் ஹிண்டன் செயிண்ட் ஜார்ஜ் என்னும் சிற்றூரில் வாழ்ந்தார். 1930இல் மனைவியை இழந்தார். 1933ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள், எழுபத்தைந்தாம் வயதில் மறைந்தார். அவர் நூலை 1965, 1996, 2015 ஆகிய ஆண்டுகளில் வேறு வேறு அறிஞர்கள் திருத்திப் புதுப்பித்தனர். பதிப்பாசிரியர்கள் மாறினாலும் அந்நூலை ஃபவுலர் என்ற பெயராலேயே இன்றும் அழைக்கிறார்கள்.