அறிவியல் கல்லூரி கண்ட நீதிபதி

வங்கத்தின் அசுதோஷ் முகர்ஜி 1864ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தார். இளமையிலேயே கணிதத்தில் பெரும்புலமை பெற்றும், அவருக்குத் தொழிலாக வாய்த்தது சட்டமே. 1904இல் உயர்நீதிமன்ற நீதிபதியானார். அப்பணியை விடாமலே 1906இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொறுப்பையும் ஏற்றார்.

அதுவரை அப்பல்கலைக்கழகம் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கியதேயன்றித் தானே பாடம் கற்பிக்கவில்லை. அறிவியலுக்கெனத் தனிக்கல்லூரி காண முகர்ஜி விரும்பினார். பொருளுக்கு என் செய்வது? வழக்கறிஞர்களான தாரக்நாத் பாலித்தும் ராஷ்பிகாரி கோஷும் தம் வாழ்நாள் ஈட்டத்தை வாரி வழங்கினர். கோஷ் 1913இல் அளித்த தொகை மட்டும் 10 இலட்சம் ரூபாய். தம் கொடையால் அமையும் பேராசிரியர் பதவிகள் இந்தியருக்கே உரியவை என்று பாலித் நிபந்தனை விதித்தார். 1914 மார்ச் 27இல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

கட்டடம் எழுப்புவதினும் ஆசிரியரைத் தேடுவது அரிது. நிதித்துறையில் உயர்பதவி வகித்த தமிழர் ச.வெ. இராமனை முகர்ஜி அழைத்தார். ஊதியம் குறைவு என்றறிந்தும் இராமன் 1917இல் இயற்பியல் பேராசிரியரானார். வேதியியலுக்குப் பிரபுல்ல சந்திர ராய் வந்தார்.

கணிதம் பயின்ற இளைஞர்களான சத்யேந்திரநாத் போஸ், மேகநாத் சாகா இருவரிடமும் இயற்பியல் பாடங்களை ஒப்படைத்தது துணிவான செயலே. அவர்கள் புதிய இயற்பியலைத் தாமே கற்று மாணவர்க்குக் கற்பித்தனர். அதன்பொருட்டு ஜெர்மன் மொழியும் பயின்றனர். ஐன்ஸ்டீனின் சார்பியல் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தனர். அந்நூலை 1920இல் கல்கத்தாப் பல்கலைக்கழகமே வெளியிட்டது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் முகர்ஜி பாட்னாவில் காலமானார்.